வீட்டுக் கணினியின் டீஃபால்ட் செட்டிங்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

புதுக் கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்து முதன்முறை இயக்கும்போதே அதில் ஏராளமான முடிவுகள் எடுத்து முடிக்கப்பட்டிருக்கின்றன. எந்த பிரௌசர் திறக்க வேண்டும், நாம் இருக்கும் இடத்தைச் செயலிகள் அறியலாமா, கோப்பின் முழுப் பெயர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமா என்பதையெல்லாம் வேறு யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். பேச்சில் டீஃபால்ட் என்கிறோம், கணித்தமிழில் இயல்பிருப்பு. இதில் எங்கள் கணினிப் பயனர் சங்கத்தின் நிலைப்பாடு இதுதான்: வீட்டைக் காக்கும் வசதி எதுவானாலும் முதல் நாளே இயங்க வேண்டும், வீட்டிலிருந்து தகவலை வெளியே அனுப்பும் வசதி எதுவானாலும், வீட்டார் தாமாக இயக்கும்வரை அணைந்திருக்க வேண்டும். முதலாவதில் கணினிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. இரண்டாவதில் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"பிடிக்காதவர்கள் மாற்றிக்கொள்ளலாமே" என்ற பதிலை நாங்கள் ஏற்பதில்லை. மாற்றலாம் என்பது வேறு, மாற்றுவார்கள் என்பது வேறு. இது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆப்பிளின் சஃபாரியில் டீஃபால்ட் தேடுபொறியாக இருப்பதற்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. தேடுபொறியை மாற்ற இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தைப் பெரும்பாலோர் செலவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு விலை.

டீஃபால்ட்டை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியபோது, யாரும் எதையும் சொடுக்காமலே, இணையத்தில் இணைந்திருந்த குற்றத்துக்காகவே கணினிகள் விழுந்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2இல் ஃபயர்வாலை டீஃபால்ட்டாகவே இயக்கிவிட்டார்கள். அதற்கு முன்பும் அதே எக்ஸ்பியில், செட்டிங்கின் ஆழத்தில் ஒரு ஃபயர்வால் தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

எல்லாப் பாடமும் இப்படிக் கற்கப்படவில்லை. 2000 மே மாதம் உலகை உலுக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், கடிதம் என்ற பெயரில் '.டிஎக்ஸ்டி' கோப்புபோல வந்தது. அதன் கடைசியில் '.விபிஎஸ்' என்று இருந்ததை விண்டோஸ் மறைத்துவிட்டது. கோப்பு வகையைக் காட்டும் அந்த வாலை விண்டோஸ் 11 இன்றும் டீஃபால்ட்டாக மறைக்கிறது. பில் என்ற பெயரில் மின்னஞ்சலில் வருவது பிடிஎஃப்தானா அல்லது நிரலா என்பதைப் பெயரைப் பார்த்தே அறியும் வாய்ப்பு வீட்டில் இருப்பவருக்கு இல்லாமல் போகிறது. ஒவ்வொரு வீட்டுக் கணினியிலும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். ஃபைல் எக்ஸ்புளோரரின் 'வியூ' பட்டியலில் இருக்கிறது.

தகவல் வெளியேறும் பக்கத்துக்கு வருவோம். 2016 ஜூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல், விண்டோஸ் 10 தேவைக்கு மேல் தகவல் திரட்டுகிறது, விளம்பர அடையாள எண்ணைக் கேட்காமலே இயக்கிவைக்கிறது என்று மைக்ரோசாஃப்டுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் திருத்தங்கள் செய்தது; அடுத்த ஆண்டு நோட்டீஸ் முடித்துவைக்கப்பட்டது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ரீகால் வசதி, திரையை அடிக்கடி படம்பிடித்து வைப்பது. படங்கள் கணினியிலேயே தங்கும் என்றாலும் பாதுகாப்பு வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பயனர் இயக்கினால்தான் இயங்கும் என்று அடுத்த மாதமே நிறுவனம் மாற்றிக்கொண்டது. கேட்டால் மாறும் என்பதை இவை காட்டுகின்றன.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது தெளிவான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. ஏற்கெனவே 'ஆம்' பக்கம் தள்ளிவைத்த சுவிட்சுகளுக்குக் கீழே 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்துவது அத்தகைய ஒப்புதல் ஆகாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, டீஃபால்ட்டிலேயே தரவு காக்கப்பட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. அதைச் சேர்க்குமாறு ஒன்றிய அரசைக் கோருகிறோம்.

சங்கத்துக்கு வருகிறவர்களிடம் நாங்கள் அதிகம் பார்க்கும் துயரம் வேறொன்று. கடையில் "எல்லாம் ரெடி பண்ணித் தர்றோம்" என்று சொல்லி, அங்கே இருப்பவர் தம் மின்னஞ்சலிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார். விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்புகள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே பல கணினிகளில் வட்டைத் தானாக மறைகுறியாக்கம் செய்துவிடுகின்றன. கணினி திருடுபோனால் கோப்புகளை யாரும் படிக்க முடியாது, நல்ல டீஃபால்ட்தான். ஆனால் அதை மீட்கும் 48 இலக்கச் சாவி அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. இரண்டு ஆண்டு கழித்து ஏதோ ஒரு பழுதில் நீலத் திரை அந்தச் சாவியைக் கேட்கும்போது, கடை மூடப்பட்டிருக்கும், அல்லது அமைத்துத் தந்த கடைப் பையன் வேலையை விட்டுப் போயிருப்பான். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் உள்ளே இருக்க, வெளியே எங்கள் மேசையில் அந்த நீலத் திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கணினியை வாங்குபவர் பக்கத்தில் இருக்க, அவர் கணக்கில் மட்டுமே அமைத்துத் தருமாறு விற்பனையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சாவியைத் தாளில் எழுதி, பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் பையிலேயே வையுங்கள்.

அமைக்கும்போது உருவாகும் முதல் கணக்கு நிர்வாகி கணக்கு. வீடு முழுவதும் அந்த ஒன்றையே பயன்படுத்தினால், விளையாட்டு இறக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் முழு அதிகாரம் கிடைக்கிறது. ஆளுக்கொரு சாதாரணக் கணக்கு வேண்டும்.

டீஃபால்ட்டை மாற்றுங்கள் என்று சொல்லும் நாங்கள், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. டேட்டா தீர்ந்துவிடும் என்று அப்டேட்டை அடியோடு நிறுத்தும் வழக்கத்தை எதிர்க்கிறோம். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற நச்சுநிரல் தாக்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வந்திருந்தது. அதைப் போடாத கணினிகள்தாம் சிக்கின. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்தால் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் இருப்பவர்கள் விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாறுவதே நல்லது. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சுத்தம் செய்வதாகச் சொல்லி யாரோ எழுதிய ஸ்கிரிப்டை நிர்வாகி உரிமையில் ஓட்டுவதையும் பரிந்துரைக்க மாட்டோம். அது ஒருவர் எடுத்த முடிவை இன்னொருவர் முடிவால் மாற்றுவதுதான். இரண்டாமவர் யாரென்றுகூடத் தெரியாது.

இன்னொரு கோரிக்கை. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் தேடிச் சேர்த்தால்தான் வரும். தமிழ்நாட்டில் விற்கும் கணினியில் அதை முதல் நாளே சேர்த்துத் தருவதற்குச் செலவு எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது சோம்பலால் அல்ல, முன்னால் இருப்பது அதுதான் என்பதால்.

புதுக் கணினி வாங்கும் எவரும் பெட்டியைப் பிரிக்காமலே சங்கத்துக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு திரையையும் தமிழில் விளக்குவோம். சுவிட்சைத் தள்ளுவது உங்கள் கையாகத்தான் இருக்கும். கட்டணம் இல்லை.