பெஞ்சுக்கு உண்டு, அக்காவுக்கு இல்லை

ஜனவரி பிறந்தால் நம் தொண்டு நிறுவன அலுவலகங்களில், நிதி தரும் கம்பெனிகளின் தொலைபேசி ஓயாது. "மார்ச் 31-க்குள் செலவாகிற மாதிரி ஏதாவது இருக்கா சார்?" ஏதாவது என்றால் பெஞ்சு, ஸ்மார்ட் போர்டு, புத்தகப் பை. படம் எடுக்கலாம், பெயர்ப் பலகை மாட்டலாம்.

பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போகிற பிள்ளைகள் மழைக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். அதற்குள் பள்ளி திறந்து பாடம் ஓடியிருக்கும். அவர்களை மாலையில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லித் தருபவர் அதே தெருவின் ஒரு 'அக்கா'. அவருக்கு மாதச் சம்பளம் கேட்டால், "அது நிர்வாகச் செலவாச்சே" என்கிறார்கள்.

ஆகாது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு (சிஎஸ்ஆர்) ஒதுக்கும் பணத்தில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு உண்டு. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கு. கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவே என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி-பதில் சுற்றறிக்கை சொல்கிறது. வெளிநாட்டு நிதியிலும் அப்படியே. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50-லிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது; ஆனால் பள்ளி ஆசிரியர் சம்பளம் அதில் சேராது என்பது விதியிலேயே இருக்கிறது. மார்ச் அவசரமும் தேவையில்லை. 'தொடர் திட்டம்' என்று கம்பெனியின் இயக்குநர் குழு ஏற்றுவிட்டால், தொடங்கிய ஆண்டு போக மேலும் 3 ஆண்டுகள் நடத்தலாம். மிச்சப் பணம் தனி வங்கிக் கணக்கில் காத்திருக்கும்.

பொருளாகக் கொடுப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. காமராசர் ஆட்சியில் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் அள்ளிக் கொடுத்தார்கள். அங்கே வாத்தியார் சம்பளம் ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. ஊர் கொடுத்தது அதற்கு மேல். நம் மாலை மையங்களில் அந்த அடித்தளமே கிடையாது. 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு, அதில் கற்பித்த தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. தொகை மிகச் சிறிது என்பதே என் கருத்து. ஆனாலும் பணம் ஆளுக்குப் போக வேண்டும் என்ற கணக்கு சரியானது.

குற்றம் நம் பக்கமும் உண்டு. அக்காவின் சம்பளத்தை 'கற்றல் பொருட்கள்' தலைப்பில் ஒளித்து எழுதிப் பழகிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன். தணிக்கையில் மாட்டாமல் தப்பித்தோமே தவிர, கற்பிக்க எவ்வளவு செலவாகிறது என்பதைக் கொடுப்பவர் கண்ணில் படாமல் மறைத்ததும் நாம்தான். ஆண்டுக்கொருமுறை ஒப்பந்தம் முடிந்து அக்கா ஜவுளிக்கடை வேலைக்குப் போனதும், வந்த பிள்ளைகளும் நின்றுவிடுகிறார்கள்.

அடுத்த திட்ட வரைவில் சம்பளத்தை முதல் வரியிலேயே, 3 ஆண்டுக்குச் சேர்த்து எழுதுங்கள். சுற்றறிக்கையின் நகலை இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, நமக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.