விடுமுறை நாளும் வித்வான்களின் சமாதியும்

வாரம் முழுவதும் உத்தியோகத்திலும் வியாபாரத்திலும் உழைத்துக் களைத்த குடும்பஸ்தர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் சற்றுத் தாமதமாக எழுந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, மத்தியானம் வயிறார உண்டு உறங்கி, மாலையில் மனைவி மக்களுடன் கடைவீதிக்கோ கடற்கரைக்கோ சினிமாவுக்கோ போய்வருவாரானால், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஓய்வு என்பது மனிதனுக்கு உணவைப் போலவே அவசியமானது. எனினும், இந்த ஓய்வு நாட்களைக் கழிக்கும் வழிகளில் நம் நாட்டார் ஏறக்குறைய மறந்தேபோன ஒன்று உண்டென்றும், அது அதிகப் பணச் செலவில்லாமல் மனத்துக்கு மிகுந்த சாந்தியைத் தரக்கூடியதென்றும் நெடுநாளாக எனக்கு ஓர் அபிப்பிராயம். நம்மை ஆயுள் முழுவதும் பாட்டினால் மகிழ்வித்துவரும் மகான்களும் வித்வான்களும் எந்த மண்ணில் அடங்கியிருக்கிறார்களோ, அந்த இடங்களுக்கு, விழாவும் கூட்டமும் இல்லாத சாதாரண நாளொன்றில், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு நாழிகை உட்கார்ந்து வருவதையே சொல்கிறேன்.

விழா நாளில் போகிறவர்களுக்கு நம்மிடையே குறைவில்லை. புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றில் காவேரிக்கரைப் பந்தலின் கீழ் எத்தனையோ வித்வான்கள் வரிசை வரிசையாக அமர்ந்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களில் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் அருளிய பஞ்சரத்தினங்களை ஒரே குரலில் பாடும்போது, அதை நேரில் கேட்டோரும் வீட்டில் தொலைக்காட்சியில் கேட்டோரும் மெய்சிலிர்ப்பது உண்மை. ஆனால் அந்தப் பந்தல் பிரிக்கப்பட்டு, மூங்கில்களும் வண்டியேறிப் போன பிறகு, அடுத்த தை வரும்வரையில் அந்த ஸ்தலத்தை நினைப்போர் எத்தனை பேர்? கூட்டத்தில் நெருக்குண்டு, எட்டி எட்டிப் பார்த்துத் திரும்புவதைவிட, ஆடியிலோ ஐப்பசியிலோ ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் போகிறவருக்கே அந்த இடம் தன்னை முழுவதும் காட்டுகிறது என்பது என் அனுபவம்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டர் தூரந்தான். டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் கடந்து, முடிவில் காவேரியின் அகன்ற பாலத்தைத் தாண்டி ஊருக்குள் நுழைகிறோம். ஐயாறப்பர் கோயிலில் தரிசனம் செய்துகொண்டு, புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைத்துவிட்டு, சமாதியை அடைந்தால் அங்கே அநேகமாக அர்ச்சகரையும், தூணோரம் சாய்ந்திருக்கும் ஓரிரு முதியவர்களையும் தவிர வேறு யாரும் இரார்கள். அப்படிப்பட்ட ஒரு காலை வேளையில் ஒரு தாயாரும் அவருடைய எட்டு ஒன்பது வயதுப் பெண்ணும் வந்தார்கள். பெண் சந்நிதிக்கெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தான் புதிதாகப் பாடம் செய்திருந்த சிறிய கிருதி ஒன்றைப் பாடத் தொடங்கினாள். அனுபல்லவியில் தாளம் சிறிது தடுமாறியது. தாயார் ஒன்றும் பேசாமல் குழந்தையின் வலக்கையைத் தம் கையில் எடுத்து அவள் தொடையின்மேல் வைத்துத் தட்டி, தாளம் சேர்ந்ததும் விட்டுவிட்டார். கர்ப்பூரத் தட்டைக் கையில் எடுத்துவிட்ட அர்ச்சகர், பாட்டு முடியும்வரையில் அதை ஏற்றாமலே நின்றார். பெரிய சபையொன்றில் அந்தக் குழந்தைக்குப் பாடச் சந்தர்ப்பம் கிடைக்க இன்னும் பல வருஷங்கள் ஆகலாம். அந்த கிருதியை இயற்றியவரின் சந்நிதியில் பாட அன்று அவளுக்கு யாருடைய சிபாரிசும் தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் அவர்கள் கடைத்தெருவில் நின்று, பாசிப்பருப்பும் கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் அந்த ஊர் அசோகாவை வாழையிலைத் துண்டில் சுடச்சுட வாங்கித் தின்றதையும் பார்த்தேன். யாத்திரையும் உல்லாசமும் ஒன்றையொன்று விலக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

இந்த இடம் இன்று நமக்குக் கிடைத்திருப்பதே ஓர் அதிருஷ்டம் என்பதைப் பலர் அறியார். இறந்தோரை எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைக்கும் வழக்கமுடைய குடும்பத்தில் பிறந்த சுவாமிகள், தம் அந்திம காலத்தில் சந்நியாசம் பெற்றுக்கொண்டார். 1847 ஜனவரி 6ஆம் தேதி அவர் சித்தியடைந்தபோது, துறவிகளுக்குரிய முறைப்படி காவேரிக்கரையில் சமாதி வைத்து ஒரு பிருந்தாவனம் எழுப்பினார்கள். சீடர்கள் காலமாகிக் காலமாகி, வருகிறவர்கள் குறைந்து குறைந்து, 1903இல் அவருடைய சிஷ்யர்களான உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் வந்து பார்த்தபோது அது சிதிலமடைந்து கிடந்தது. சுவாமிகளின் கீர்த்தனங்கள் தென்னாட்டில் வீடுதோறும் ஒலித்துக்கொண்டிருந்த அதே 56 ஆண்டுகளில்தான், அவர் அடங்கிய இடம் இந்தக் கதிக்கு ஆளாயிற்று. அந்த இரு சகோதரர்களும் அதைச் செப்பனிட்டார்கள். பிறகு ஆராதனைகள் பெரிதாக நடக்கத் தொடங்கின. நடக்கத் தொடங்கிய சில வருஷங்களுக்குள்ளேயே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிளவும் ஏற்பட்டு, சமாதியைப் பராமரிப்பதைக் காட்டிலும் உற்சவத்தை யார் நடத்துவது என்பதே பெரிய விவகாரமாகிவிட்டது.

அங்கே இப்போது நாம் காணும் கோயிலைக் கட்டுவித்தவர், இந்த இரு கட்சியிலும் சேராத ஒரு பெண்மணி. 1878இல் மைசூர் ராஜ்யத்தில் தேவதாசி குலத்தில் பிறந்து, சங்கீதத்திலும் சம்ஸ்கிருத, தெலுங்கு சாகித்தியங்களிலும் தேர்ச்சி பெற்று, சென்னையில் கச்சேரிகள் செய்து பெரும் பொருளும் புகழும் ஈட்டிய பெங்களூர் நாகரத்தினம்மாள், தம் குருவான பிடாரம் கிருஷ்ணப்பாவின் மூலம் சமாதியின் பரிதாப நிலையைக் கேள்வியுற்று, தம் சொத்தையும் நகைகளையும் விற்று, நிலம் வாங்கி, 1921இல் அஸ்திவாரமிட்டு, 1926இல் கும்பாபிஷேகம் செய்வித்தார். அவர் பணத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்னால் ஆராதனையில் பாடுவதற்கு, பெண் என்ற காரணத்தால் அவரை அனுமதிக்கவில்லை. அவர் மனம் தளர்ந்து ஊர் திரும்பிவிடவில்லை. பெண்களையே திரட்டி, சமாதியின் பின்புறத்தில் தனியாக ஓர் ஆராதனை நடத்தினார். 1940களின் தொடக்கத்தில் எல்லாக் கட்சிகளும் ஒன்றுசேர்ந்தபோது பெண்களுக்கும் அங்கே பாடும் உரிமை கிடைத்தது. கடைசி வருஷங்களைத் திருவையாற்றிலேயே கழித்து, 1952 மே மாதத்தில் அவர் காலமானார். சுவாமிகளின் சந்நிதியை நோக்கி, கைகூப்பி அமர்ந்த கோலத்தில் அவருடைய சிலை அங்கே இருக்கிறது. அவர் அடங்கியிருப்பதும் அங்கேதான். சுவாமிகளைத் தரிசித்துவிட்டு அந்தச் சிலையைத் திரும்பியும் பாராமல் போகிறவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. பெண் குழந்தையைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் அந்தக் குழந்தையை அங்கே நிறுத்தி, இந்த அம்மாள் செய்த காரியம் இன்னதென்று ஐந்து நிமிஷம் சொல்வது அவசியம்.

சமாதிக்கும் கல்லறைக்கும் போவது அசுபம் அல்லவா, போனால் தலை முழுக வேண்டாமா என்று தயங்குகிற பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய ஆசாரத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மகான்களின் அதிஷ்டானத்தையும் பெரியோர்களின் தர்காவையும் தேடிப் போய் வணங்கி வருவது இந்தத் தேசத்தில் எல்லா மதத்தாருக்கும் பழகிய விஷயமாயிற்றே! குவாலியரில், முகம்மது கௌஸ் என்னும் பெரியாரின் கம்பீரமான கல்லறை மாளிகைக்குப் பக்கத்தில், அக்பர் சபையின் பாடகர் தான்சேன் அடங்கிய சிறிய மண்டபம் இருக்கிறது. அருகே நின்ற புளியமரத்தின் இலையை மென்றால் குரல் இனிமையாகும் என்று நம்பி, பாடகர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த இலையைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். குரல் இனித்ததோ இல்லையோ, பாடுகிறவனுக்குத் தன் முன்னோனிடம் இருந்த பக்தி அதில் தெரிகிறது.

மேல்நாட்டில் வியன்னா நகரம் இந்த விஷயத்தில் செய்ததை நம் நகரசபைகள் கவனிக்க வேண்டும். 1874இல் ஊருக்கு வெளியே தூரத்தில் அவர்கள் ஒரு பெரிய மத்திய மயானம் அமைத்தபோது ஜனங்கள் அதை விரும்பவில்லை. அதன் மதிப்பை உயர்த்துவதற்காக, நகரத்தின் கீர்த்திமான்களுக்கென்று கௌரவப் பகுதிகள் ஒதுக்கினார்கள். 1888இல் பேத்தோவனையும், அவருடைய சவ ஊர்வலத்தில் தீவட்டி ஏந்திச் சென்று, அடுத்த ஆண்டே 31 வயதில் மாண்டுபோன ஷூபர்ட்டையும் பழைய மயானத்திலிருந்து எடுத்துவந்து அருகருகே அடக்கம் செய்தார்கள். பிராம்ஸும் வால்ட்ஸ் புகழ் ஸ்ட்ராஸும் பிற்பாடு அங்கேயே அடங்கினார்கள். 1791இல் அடையாளக் கல்லின்றி வேறொரு மயானத்தில் புதைக்கப்பட்ட மோட்ஸார்ட்டுக்கும் நடுவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். 71ஆம் நம்பர் டிராம் அந்த மயானத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஓய்வு நாளில் மரநிழற் சாலைகளில் உலாவப் போகிறவர்கள், போகிற போக்கில் அந்தக் கற்களின் மேல் ஒரு பூவை வைத்துவிட்டுப் போகிறார்கள். நகரசபை மனம் வைத்தால் ஜனங்களுடைய பழக்கத்தையே மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

நம்மிடம் திருவையாறு ஒன்றுதானா இருக்கிறது? அங்கிருந்து சிறிது தூரத்திலேயே திருப்பூந்துருத்தியில் தரங்கங்கள் பாடிய நாராயண தீர்த்தரின் சமாதி. கரூருக்கு அருகே, அதே காவேரியின் கரையில், நெரூரில் சதாசிவப் பிரம்மேந்திரரின் அதிஷ்டானம். தெற்கே எட்டயபுரத்தில், 1835ஆம் ஆண்டுத் தீபாவளியன்று உடலை நீத்த முத்துஸ்வாமி தீட்சிதருக்கு நினைவாலயம் இருக்கிறது. மதுரை மீனாட்சியின் மேல் தாம் இயற்றிய கிருதியைச் சீடர்கள் பாட, அதைக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் பிரிந்ததென்பது பரம்பரையாக வரும் செய்தி. எட்டயபுரத்துக்குப் பெரும்பாலோர் பாரதியாருக்காகவே போகிறார்கள், அது நியாயந்தான். கல்கியின் பெருமுயற்சியால் 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபத்தையும் கவி பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டு உடனே பஸ் ஏறிவிடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஆஸ்தான வித்வானாக இருந்த ஊர் அது. அவர் வம்சத்துச் சுப்பராம தீட்சிதர், தீட்சிதர் கிருதிகள் பலவற்றை ஸ்வரப்படுத்திய ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’யை 1904இல் அச்சிட்டு உலகத்துக்குத் தந்ததும் அந்தச் சிற்றூரிலிருந்துதான். பாரதியாரைத் தேடி வரும் மாணவர்களுக்கு இந்த இன்னொரு பெரிய கதையையும் சொல்ல அங்கே யாராவது வேண்டாமா?

சினிமாவினால் புகழ் பெற்றவர்களை இந்த வரிசையில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். 1944 தீபாவளிக்கு வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் பாட்டுக்களை வண்டிக்காரர் முதல் வக்கீல் வரை எல்லோரும் வாய்விட்டுப் பாடும்படி செய்தவர் எம். கே. தியாகராஜ பாகவதர். சிறைவாசத்துக்குப் பின் செல்வமும் செல்வாக்கும் குன்றி, 49ஆம் வயதிலேயே, 1959இல் காலமான அவருடைய சமாதி திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் வந்து குவியும் பிரயாணிகளில் நூற்றில் ஒருவராவது அங்கே வழி கேட்டுப் போவாரா என்பது சந்தேகமே. நம் காலத்திலேயே, 2020இல் மறைந்த எஸ். பி. பாலசுப்பிரமணியம் சென்னைக்கு அருகே தாமரைப்பாக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் பாட்டைக் கேட்டுக் காதலித்தவர்களும், அவர் பாட்டால் குழந்தையைத் தூங்கவைத்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆகையால் அங்கே ஜனங்கள் தாமாகவே போகிறார்கள். அந்தத் தலைமுறை கழிந்த பிறகும் போகிறவர்கள் இருக்க வேண்டுமானால், இன்றைய குழந்தைகளை இப்போதே கூட்டிப்போக வேண்டும். திருவையாற்றுப் பிருந்தாவனம் இடிந்ததும் முதல் தலைமுறைச் சீடர்களில் பெரும்பாலோர் மறைந்த பிறகுதான்.

இதற்காக மணிமண்டபங்களை எழுப்பும்படி அரசாங்கத்தை நான் கேட்கவில்லை. மண்டபம் திறக்கும் நாளில் இருக்கும் உத்ஸாகம், அதைப் பெருக்கித் துடைக்கும் நாட்களில் இருப்பதில்லை. கேட்பதெல்லாம் சொற்பமான வசதிகள்: பஸ் நிலையத்திலேயே தொடங்கி வழிகாட்டும் பலகைகள், நிழலுக்கு நாலு மரமும் உட்கார நாலு பெஞ்சும், குடிக்க நல்ல தண்ணீர், பெண்கள் கூசாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பிடம், அடங்கியிருப்பவர் யார், எப்போது வாழ்ந்தார், என்னென்ன பாடினார் என்பதைப் பிழையில்லாத தமிழில் எழுதிய ஒரு கல். எல்லாவற்றுக்கும் மேலாக, ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் கதவைத் திறந்துவைத்து, வருகிறவர்கள் ஒரு பாட்டுப் பாட விரும்பினால் பாயை விரித்துக் கொடுக்கக்கூடிய ஒரு காவலாளி. பேரூராட்சியும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தால் இவ்வளவையும் ஒரு வருஷத்துக்குள் செய்துவிடலாம். பாட்டு வாத்தியார்களுக்கும் ஒரு விண்ணப்பம். தீட்சிதர் கிருதியை முதன்முதலாகப் பாடம் சொல்லிக்கொடுத்த வருஷத்திலேயே மாணவர்களை எட்டயபுரத்துக்கு அழைத்துப் போங்கள். கோவில்பட்டி வரை ரெயில் இருக்கிறது. அங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குச் சற்று அதிகம் ஆகும். காலையில் தீட்சிதரையும் மத்தியானம் பாரதியாரையும் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் கோவில்பட்டி திரும்பி ரெயிலைப் பிடித்துவிடலாம்.