உடல் பருமன்: பழி வேறு, பொறுப்பு வேறு



உடல் பருமனைப் பற்றி நம் குடும்பங்களில் இரண்டு விதமான பேச்சுகள் உலவுகின்றன. பருத்த உடலுடையவரை "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று பழிப்பது ஒன்று. "எங்கள் குடும்ப வாகே அப்படித்தான், எல்லாம் அல்லாஹ் விதித்தபடி" என்று கையை விரித்துவிடுவது மற்றொன்று. முதல் பேச்சு மனிதன் வாழும் சூழலை மறக்கிறது. இரண்டாவது பேச்சு, அவனுக்கு அளிக்கப்பட்டுள்ள தேர்ந்தெடுக்கும் ஆற்றலை மறக்கிறது. இரண்டுமே பிழையானவை என்பது நம் கருத்து.

தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பார்ப்போம். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் அதிக எடை உடையோர் 2015-16 ஆய்வில் 30.9 விழுக்காடு. 2019-21 ஆய்வில் அது 40.4 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. ஆண்களிடையே 28.2 விழுக்காடு 37 ஆனது. நான்கைந்து ஆண்டுகளில் ஒரு மக்கள் கூட்டத்தின் மரபணு மாறிவிடாது. இலட்சக்கணக்கானோரின் மன உறுதி ஒரே சமயத்தில் தளர்ந்துவிட்டது என்பதும் அறிவுக்குப் பொருந்தாது. அப்படியானால் மாறியது எது? நாம் உண்ணும் பொருளும், உண்ணும் நேரமும், உழைக்கும் விதமுமே மாறியிருக்கின்றன.

இதனால் உடற்கூற்றுக்குப் பங்கில்லை என்று கூற இயலாது. பசியையும் நிறைவையும் மூளைக்கு அறிவிக்கும் ஹார்மோன்கள் எல்லோருக்கும் ஒரே அளவில் செயல்படுவதில்லை. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் 1994 இல் கண்டறியப்பட்ட பின்னர், பசி என்பது வெறும் நாக்கின் ஆசையன்று என்பது தெளிவாயிற்று. தைராய்டு குறைபாடு, பெண்களுக்கு வரும் சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகள், தூக்கக் குறைவு ஆகியவையும் எடையைக் கூட்டுகின்றன. எடையைக் குறைத்தவருக்குப் பசி முன்னைவிடக் கூடுவதும் உண்டு. ஒரே உணவை உண்ணும் இருவரில் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். ஆகவே ஒருவருடைய உடலை மட்டும் பார்த்து அவருடைய ஒழுக்கத்தை அளப்பது அநீதியாகும். பிறரை எள்ளி நகையாடுவதைக் குர்ஆன் தடுத்திருக்க, திருமண வீட்டில் ஒரு பெண்ணின் உடல்வாகைப் பற்றி அவள் காதுபடப் பேசுவதற்கு நமக்கு எவர் அனுமதி அளித்தார்?

சூழலின் வலிமையைக் காட்டும் ஓர் ஆய்வைக் குறிப்பிடலாம். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 20 பேரைத் தங்கவைத்து நடத்திய அந்த ஆய்வு 2019 இல் வெளியாயிற்று. ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவை இரு வாரங்களும், இயற்கைத் தன்மை மாறாத உணவை இரு வாரங்களும் அவர்களுக்கு அளித்து, விரும்பிய அளவு உண்ண விட்டார்கள். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டனர். மனிதர்கள் அவர்களே, தட்டில் இருந்தது மட்டுமே வேறு. நம் பிள்ளைகளின் கைகளில் நாம் கொடுக்கும் பிஸ்கட்டையும் சிப்ஸையும் குளிர்பானத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நம் சமுதாயத்துக்கே உரிய சில காரணங்களும் இருக்கின்றன. விருந்தோம்பல் நம் பெருமை. ஆனால் "போதும்" என்றவரின் தட்டில் மேலும் ஒரு கரண்டி பிரியாணியை வைப்பதுதான் அன்பு என்று ஆகிவிட்டது. பகல் முழுவதும் நோன்பிருந்து, நோன்புக் கஞ்சியோடு நில்லாமல் சமோசா, வடை, கட்லெட், சர்பத் என்று தொடர்ந்து, தராவீஹுக்குப் பின் மீண்டும் உண்டு, ரமளான் முடியும்போது எடை கூடியிருப்போர் பலர். வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்களோ நள்ளிரவில் உண்டு, வெயிலுக்கு அஞ்சி நடையை மறந்து வாழ்கின்றனர். அங்குள்ள அரசுகளே இதை உணர்ந்துவிட்டன. சவூதி அரேபியாவும் அமீரகமும் 2017 இல் குளிர்பானங்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தன.

பெண்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நம் ஊர்கள் பலவற்றில் காலை வேளையில் ஆண்கள் கடற்கரையிலும் மைதானத்திலும் நடக்கிறார்கள். பெண்கள் நடந்தால் "இவளுக்கு என்ன வேலை?" என்ற பார்வை எழுகிறது. நடப்பதற்கு இடமும் தராமல், மிஞ்சிய சோற்றை வீணாக்காதே என்று அவர்களையே உண்ணவும் வைத்துவிட்டு, பின்னர் சர்க்கரை நோய்க்கும் மூட்டு வலிக்கும் அவர்களையே குறை கூறுவது எவ்வகை நியாயம்?

அவ்வாறாயின் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? நிச்சயமாக உண்டு. பழி என்பது கடந்ததை நோக்கிப் பேசுகிறது. பொறுப்போ, இனிச் செய்ய வேண்டியதை நோக்கிப் பேசுகிறது. உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளவு காட்டினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது நம்பிக்கை வைக்கும்படி போதித்ததும் அவர்களே. விதியின் மீது பாரத்தைப் போட்டுவிட்டு உணவுத் தட்டை நிரப்புவது தவக்குல் ஆகாது.

ஆனால் அந்தப் பொறுப்பு ஒருவர் தோளில் மட்டும் ஏற்றப்படக் கூடாது. தனிமனிதர் தம் இடுப்பளவை அறிந்திருக்கட்டும். இந்தியர்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பதே மருத்துவர்கள் குறிக்கும் எச்சரிக்கை எல்லை. பள்ளிவாசலுக்கு வண்டியில் செல்பவர் நடந்து செல்லட்டும். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் பத்தியம் என்று ஒதுக்காமல், எண்ணெயும் இனிப்பும் குறைந்த ஒரே உணவை எல்லோரும் உண்ணட்டும். ஜமாஅத்தார், பெண்கள் மட்டும் நடந்து பயில மதரஸா வளாகத்தையோ மண்டபத்தையோ நாளும் ஒரு மணி நேரம் திறந்துவிடலாம். வலீமா விருந்தின் பதார்த்தங்களுக்கு ஒரு வரையறை வகுக்கலாம். ஜும்ஆ உரையில் இதைப் பற்றிப் பேசலாம்.

சர்க்கரை நோயாலும் மாரடைப்பாலும் உழைக்கும் வயதில் தந்தையை இழந்த இல்லங்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அந்த இல்லங்களின் எண்ணிக்கை பெருகாமல் தடுப்பது, தட்டில் சோறு பரிமாறும் கைக்கும் அதை ஏற்கும் கைக்கும் பொதுவான கடமையாகும். அதற்கான தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.