தீர்ப்போடு முடிவதில்லை எல்லைத் தகராறு

எல்லையில் துப்பாக்கி வெடித்ததும் உலகத் தலைநகரங்கள் விடும் அறிக்கை மாறுவதே இல்லை: இரு தரப்பும் நிதானம் காக்க வேண்டும், பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிலத்தைக் கையில் வைத்திருக்கும் நாட்டுக்கு இதனால் எந்த நெருக்கடியும் இல்லை. மற்ற நாடுகள் உண்மையிலேயே உதவ நினைத்தால், உடன்பாட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அது நிறைவேறும்வரை கூடவே நிற்க வேண்டும். பக்காசி தீபகற்பத்தில் நடந்தது அதுதான்.

கினி வளைகுடாவில் அலையாத்திக் காடுகளும் மீனவர் ஊர்களும் கொண்ட அந்த நிலத்துக்காக நைஜீரியாவும் கேமரூனும் மோதின. 1994இல் கேமரூன் சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. பிரிட்டனும் ஜெர்மனியும் 1913இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை வைத்து, நிலம் கேமரூனுக்கே என்று 2002 அக்டோபர் 10இல் தீர்ப்பு வந்தது. நைஜீரியா ஏற்க மறுத்தது. ஆனால், ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் தீர்ப்புக்கு முன்பே இரு அதிபர்களையும் பாரிஸில் சந்திக்க வைத்திருந்தார், பின்னரும் விடவில்லை. கூட்டு ஆணையம் அமைந்தது. 2006 ஜூனில் கிரீன்ட்ரீ ஒப்பந்தம் கையெழுத்தானது. 60 நாளில் படை விலக வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள் என்று கெடு வைத்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி சாட்சிகள். ஆகஸ்டில் ஆர்ச்சிபாங் ஊரில் நைஜீரியக் கொடி இறங்கியது. 2008 ஆகஸ்ட் 14இல் முழு நிலமும் கைமாறியது.

அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்டார்களா என்பது நியாயமான கேள்வி. அவர்களில் பெரும்பாலோர் நைஜீரியர்கள். யாரையும் வெளியேற்றக் கூடாது, குடியுரிமையை மாற்றச் சொல்லக் கூடாது, மீன்பிடி உரிமையைப் பறிக்கக் கூடாது என்றெல்லாம் ஒப்பந்தம் சொன்னது. இருந்தும் பலர் ஊரைவிட்டுப் போய், மறுவாழ்வுக்காக அலைந்தார்கள். படை விலகலுக்குக் காட்டிய கண்டிப்பை மக்களின் வாழ்வுக்கும் காட்டியிருக்க வேண்டும். அப்படிக் காட்டாதது பெரிய தவறு.

வல்லரசே ஒரு தரப்பாக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கலாம். தென்சீனக் கடல் பற்றிய 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சீனா தூக்கியெறிந்தது. அங்கே இந்த வழி எடுபடாது. ஆனால், தாய்லாந்தும் கம்போடியாவும் வல்லரசுகள் அல்ல. பிரியா விகார் கோயில் கம்போடியாவுக்கே என்று 1962இல் தீர்ப்பாகியும், சுற்றியுள்ள நிலத்துக்காகச் சண்டை தொடர்ந்தது. 2011இல் இந்தோனேசியப் பார்வையாளர்களை அனுப்புவதாகப் பேச்சு முடிந்தும், அவர்கள் எல்லைக்குப் போய்ச் சேரவே இல்லை. 2025 ஜூலையில் அந்த எல்லையில் மீண்டும் பீரங்கிகள் வெடித்தன.