வடிவாப் பார்ப்பம்

இங்கிலாந்தின் பழைய பிரபு மாளிகைகளுக்குப் போனால், கட்டடத்தை விடத் தோட்டம்தான் ஆளை மயக்கும். லீட்ஸ் நகரத்துக்கு வடக்கே இருக்கிற ஹேர்வுட் மாளிகையில் எங்களுக்கும் அதுதான் நடந்தது. உள்ளே போகாமல் ஏரியையும் புல்வெளியையும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆனால் அது தானாக வந்த ஏரி இல்லை. 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் 18ஆம் நூற்றாண்டில் திட்டம் போட்டு உண்டாக்கியது. அவரின்ர கெட்டித்தனமே அதுதான். எத்தனையோ கைகள் வெட்டிக் கொட்டிய நிலம், ஆதியிலிருந்தே அப்படிக் கிடந்தது போலத் தெரியும். உழைப்பு கண்ணில படாது.

அந்த வீட்டுக் காசும் அப்படித்தான். 1759இல் இதைக் கட்டத் தொடங்கிய லாசெல்ஸ் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் சீனியிலும் அடிமை வணிகத்திலும் சேர்ந்தது. அடிமைமுறையை ஒழிக்க 1833இல் பிரித்தானியா சட்டம் கொண்டுவந்தபோது நட்டஈடும் கொடுத்தது. அடிமைப்பட்டவர்களுக்கு இல்லை, அவர்களை வைத்திருந்தவர்களுக்கு! 1,277 மனிதருக்காக இந்தக் குடும்பத்துக்கு 26,000 பவுண்ஸுக்கு மேல் கிடைத்தது.

"பழசைக் கிளறி என்ன பயன்? வடிவைப் பார்த்திட்டு வாங்கோவன்" என்று சொல்லுற ஆக்கள் இருக்கினம். எங்கட பேச்சில 'வடிவாப் பார்' எண்டால் கவனமாப் பார் எண்டும்தானே அர்த்தம்?

2023இல் நடிகர் டேவிட் ஹேர்வுட்டின் படத்தை அந்த மாளிகையில் வைத்தார்கள். அவரின் மூதாதையர் பார்படோஸில் இதே குடும்பத்தின் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவருடைய பெயரிலேயே அந்த வீடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு படத்தால் கடன் தீராது. ஆனாலும் உண்மையைச் சொன்னதால் ஏரியின் வடிவு குறையவில்லை, வீடும் இடியவில்லை.

இது எங்களுக்குத் தூரத்துக் கதையும் இல்லை. ஜமேக்காவில் பழகிய கோப்பிச் செய்கை முறையைத்தான் துரைமார் 1830களில் எங்கட மலையகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இன்று துரை பங்களாக்கள் சில ஹோட்டலாகிவிட்டன. நாங்கள் அந்தப் பூந்தோட்டங்களில் நின்று படம் எடுக்கிறம். காடு வெட்டித் தோட்டம் ஆக்கின சனத்தின் பிள்ளைகள் கீழே லயத்தில் எப்படி இருக்கினம் என்று கேட்கிறதில்லை.

பங்களாவுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. போவம். ஆனால் வடிவாப் பார்ப்பம்.