வேலைத்தலத்திலிருந்து: எதை எங்கே வைப்பது?



எமது குடும்பங்களில் இணையத்தளம் செய்யப் பழகும் பிள்ளைகள் இப்போது பலர். பகலில் மொழி வகுப்பு, இரவில் கணினி என்று இருக்கும் பெரியவர்களும் உண்டு. ஊர்ச் சங்கத்துக்கு, தமிழ்ப் பாடசாலைக்கு, தெரிந்தவரின் கடைக்கு என்று முதல் தளத்தைச் செய்து பார்க்கிறார்கள். நிரல் எழுதுவது எப்படி என்று கேட்பவர்கள் அதிகம். கோப்புகளை எங்கே வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. இம்முறை அதைப் பார்ப்போம்.

நான் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். உலோகப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆகவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

யப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து உலகெங்கும் பரவிய ஓர் ஒழுங்குமுறை உண்டு. எஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து சொற்கள் என்பதால் '5 எஸ்' என்பார்கள். தேவையில்லாததைக் கழி, தேவையானதற்கு ஓர் இடம் கொடு, துப்புரவாக வை, எல்லோருக்கும் ஒரே முறை வை, அதை விடாமல் கடைப்பிடி. இவ்வளவுதான். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு ஸ்பானரின் உருவமும் வரைந்திருக்கும். மொழி தெரியாமல் நேற்று வந்தவரும் எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பார். ஒன்று குறைந்தால் தூரத்திலிருந்தே தெரியும். கோப்புறைகளையும் இப்படி வைக்கலாம். ஒரு தமிழ்ப் பாடசாலையின் தளத்தை உதாரணமாக எடுப்போம்.

முதலாவது, இடம். முகப்புப் பக்கத்தின் கோப்புக்கு 'இன்டெக்ஸ்' என்று பெயர் வைப்பது வழக்கம். யாராவது தளத்துக்கு வந்தால் சேவர் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் முதலில் தேடும். படங்களுக்கு ஒரு கோப்புறை, தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்புகளுக்கு ஒன்று, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ற்றுக்கு ஒன்று. சிறிய தளத்துக்கு இது போதும். தளம் வளர்ந்தால் வேலைவாரியாகப் பிரிப்பது நல்லது. மாணவர் பதிவுக்கு வேண்டிய பக்கம், தோற்றம், நிரல் மூன்றும் ஒரே கோப்புறையில் இருக்கட்டும். நாளை அந்தப் படிவத்தை மாற்ற வருபவர் மூன்று அறைகளுக்கு ஓடத் தேவையில்லை. இயந்திரத்துக்குப் பக்கத்தில்தானே அதன் கருவியை வைக்கிறோம்?

இரண்டாவது, பெயர். கோப்புப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், சிறு கோடு போட்டு எழுதுங்கள். விண்டோஸ் கணினி பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஓடும் சேவர் அப்படி விடாது. அதனால்தான் வீட்டில் தெரிந்த படம் தளத்தில் தெரியாமல் போகிறது.

தமிழில் பெயர் வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் 'அம்மா' என்ற சொல் கணினிக்கு 5 குறிகள். முகவரியைப் பிரதி எடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்துகளாக நீண்டு மொத்தம் 45 ஆகிவிடும். பக்கத்தின் உள்ளே தாராளமாகத் தமிழ் இருக்கட்டும். திகதி எழுதுவதானால் 2024-03-15 என்று ஆண்டை முன்னே வையுங்கள். கோப்புகள் தாமாகவே வரிசைக்கு வரும்.

மூன்றாவது, கழிப்பது. 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று பிரதிகள் பெருகினால் எது சரி என்று எவருக்கும் தெரியாது. இதற்குத்தான் 'கிற்' என்ற கருவி இருக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் செய்தது. கோப்பு ஒன்றுதான் இருக்கும். நீங்கள் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் அது வைத்திருக்கும். வேண்டும்போது பழைய நிலைக்குப் போகலாம்.

நான்காவதுதான் எமது குடும்பங்களுக்கு மிக முக்கியமானது. தொழிற்சாலையில் ஒரு பொருள் தவறான இடத்தில் இருந்தால் தேடும் நேரம் வீணாகும். இணையத்தளத்தில் அது தவறான ஆளின் கைக்குப் போய்விடும். சேவரில் பொதுவுக்கு உரிய கோப்புறை ஒன்று இருக்கும். அதற்குள் இருப்பதெல்லாம் தெருவில் வைத்தது போலத்தான். மாணவர் பதிவுக்காகப் பெற்றோர் அனுப்பிய பிறப்புச் சான்றிதழ், வதிவிட அனுமதி, கடவுச்சீட்டுப் பிரதி ஆகியவற்றை வசதிக்காக அதற்குள் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'இணைப்பு ஒன்றும் கொடுக்கவில்லையே, யார் பார்க்கப் போகிறார்கள்?' என்று நினைப்பார்கள். முகவரியை அறிந்தவரோ ஊகித்தவரோ அதைத் திறக்கலாம். இன்டெக்ஸ் கோப்பு இல்லாத கோப்புறையில் உள்ளவற்றையெல்லாம் பட்டியலாகக் காட்டும் சேவர்களும் உண்டு.

எமது மக்களில் பலர் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஊரறியச் சொல்லக்கூடிய நிலையில் இல்லை. பெற்றோரும் சகோதரங்களும் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஒருவரின் வழக்கு இலக்கமும் விலாசமும் வெளியே போனால் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இப்படியான பத்திரங்கள் தளத்தின் கோப்புறைகளுக்குள் வரவே கூடாது. பார்த்துச் சரிபிழை குறித்தபின் பிரதியை அழித்துவிடுங்கள். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். கடவுச்சொற்கள் இருக்கும் கோப்பைப் பொதுக் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். கிற்றுக்குள்ளும் சேர்க்காதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய பதிவில் அது இருக்கும். உள்ளே போய்விட்டதானால் உடனே கடவுச்சொல்லை மாற்றவேண்டும்.

கடைசியாக ஒன்று. நாம் ஓரிடத்தில் நிலைத்திருப்போம் என்று சொல்ல முடியாது. இன்னொரு நகரத்தில் வீடு கிடைக்கும், வேலை நேரம் மாறும். தளத்தைச் செய்தவர் போனபின் முகப்பில் பழைய ஆண்டின் விழா அறிவித்தலே நிற்கும் சங்கத் தளங்கள் உண்டு. பின்னால் வருபவருக்காக மேல் கோப்புறையில் 'என்னை வாசி' என்ற பொருளில் 'றீட்மீ' என்று ஒரு கோப்பு வைப்பது நிரலாளர் வழக்கம். எந்தக் கோப்புறையில் என்ன இருக்கிறது, தளத்தை எப்படி ஏற்றுவது, கடவுச்சொற்கள் யாருடைய பொறுப்பில் இருக்கின்றன என்று ஒரு பக்கம் எழுதுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுதிவிடாதீர்கள்.

எழுதியபின் வீட்டில் உள்ள மகளிடமோ தம்பியிடமோ கொடுத்து, 'பரீட்சைத் திகதியை மாற்று பார்ப்போம்' என்று சொல்லுங்கள். உங்களைக் கேட்காமல் அவர் செய்து முடித்தால் ஒழுங்கு சரி. கேட்டால், கேட்ட அந்தக் கேள்விக்குரிய பதிலையும் றீட்மீயில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.