டிரைவர் இல்லாத கார்டு

வேலூர்க்காரர்களைச் சீண்டுவதற்கு வெளியூர்க்காரர்களிடம் ஒரு பழைய பட்டியல் உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். மூன்றாவது ஐட்டம் 1981-லேயே காலாவதி; ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்து கோட்டைக்குள் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். முதல் ஐட்டமும் 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது கொஞ்ச நாள் வாபஸ் ஆனது. காலியான இடத்துக்கு நான் ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். டிரைவர் இல்லாத கார்டு.

எங்கள் பெரியம்மா சித்திரையில் காலமானார். 84 வயது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அவர் கட்சி. ஒரு கல்யாணத்தில், ஒரு காதுகுத்தில், ஒரு குரூப் போட்டோவில் கூட நின்றது கிடையாது. 84 வரைக்கும் இருந்துவிட்டதால் கட்சிக்கு ஆதாரமும் பலமாகவே இருந்தது. விளைவு, பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் இல்லை. இருப்பது ஆதார் அட்டைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிசு பண்ணி மாட்டினால் எமதர்மனே ‘இவங்க வேற ஆள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவான்.

பெரியம்மா மகன், அதாவது என் அண்ணன், ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதற்கும் அசையாத ஆள். ஐந்தாம் நாள் ராத்திரி போன் பண்ணி, “டேய், அம்மா மூஞ்சி எனக்கே இப்ப சரியா ஞாபகம் வரமாட்டேங்குதுடா” என்றார். எனக்கு அன்று தூக்கம் போயிற்று.

விடிந்ததும் லாங் பஜாருக்குப் போனேன். வெல்ல மூட்டை, மிளகாய் மூட்டை, தள்ளுவண்டி, அதற்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு ஆட்டோ. லாங் பஜாரில் ஒரு மனுஷன் நேர்கோட்டில் நடந்துபோனால் அன்று கடையடைப்பு என்று அர்த்தம். பாத்திரக் கடைக்கு மேலே மாடியில்தான் நம்ம பாய் ஸ்டுடியோ. தை மாசம் என் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவர் அவர்தான்.

“எப்படியும் ஒரு மூலையில மாட்டியிருப்பாங்க சார், தேடிப் பார்ப்போம்” என்றார் பாய்.

2,000 படத்துக்கு மேல். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினோம். மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தை மட்டும் பதினோரு கோணத்தில் எடுத்திருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் கிடைத்தது. மண்டபத்துச் சமையல்கட்டில் பாயச அண்டாவை எடுக்கப் போன படம். பின்னால், ஒரே ஒரு பல்பு வெளிச்சத்தில், கரண்டியோடு பெரியம்மா. ஆனால் முகம் முழுக்கப் புள்ளி. ரவையைக் கொட்டிக் கிளறினதுபோல.

பாய்க்கு அதைப் பற்றிக் கவலையில்லை. “இது ரா ஃபைல் சார்” என்றார். காமெரா சுடச்சுடத் தருகிற சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிதான். சமைக்காமல் பச்சையாகத் தருகிற 14 பிட் ரா ஃபைலில் 16,384 படி. இருட்டுக்குள்ளே ஒளிந்திருப்பதை மெதுவாக வெளியே இழுத்துவிடலாம். கூடவே புள்ளியும் வரும். அதைத் தனியாக வடிகட்ட வேண்டும்.

இதற்கு அவர் வைத்திருப்பது டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள். 2009-ல் யோஹான்னஸ் ஹானிகா தொடங்கி, இன்றைக்கு உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து பராமரிப்பது. அதில் வேலை செய்கிற பக்கத்துக்கு ‘டார்க்ரூம்’ என்றே பெயர். பாய் பதினெட்டு வயசில் சிவப்பு பல்பின் கீழே ஹைப்போ வாசனையில் தொழில் படித்தவர். அந்தப் பேருக்காகவே இதில் விழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் திருட்டுத்தட்டு சாஃப்ட்வேர்தான். ஒருநாள் வைரஸ் புகுந்து அத்தனை கல்யாணத்தையும் பூட்டு போட்டுவிட்டு டாலரில் சாவி விலை கேட்டிருக்கிறது. அப்புறம்தான் அவர் பையன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். பையனுக்கு லினக்ஸ் பழக்கம் அரசாங்கம் பள்ளிக்கூடத்தில் கொடுத்த விலையில்லா லேப்டாப்பில் வந்தது. அதில் சென்னை சி-டாக் தயாரித்த ‘பாஸ்’ லினக்ஸும் ஒரு ஓரத்தில் குடியிருந்தது ஞாபகம் இருக்கலாம். முக்கால்வாசி வீடுகளில் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இவன் பார்த்துவிட்டான்.

வடிகட்டும் வேலை ஆரம்பித்தது. பாய் ஒரு ஸ்லைடரை இழுத்தார். நாங்கள் காத்திருந்தோம். ஸ்க்ரீனில் ‘வொர்க்கிங்’ என்று வந்தது. பதினைந்து விநாடி. இன்னொரு இழுப்பு. இன்னொரு பதினைந்து. மூன்றாவது இழுப்புக்குள் நான் கீழே போய் டீ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவசரத்தில் முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டோம். அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே பதில்: “யாருடா இது?”

அவர் கேட்டதில் தப்பில்லை. புள்ளியோடு சேர்த்துச் சுருக்கமும் போய்விட்டது. பெரியம்மா மெழுகு பொம்மைபோல, சினிமா நடிகையின் அக்காபோல இருந்தார். இந்த வேலையே அப்படித்தான். கூட்டினால் மெழுகு, குறைத்தால் ரவை. சரியான இடம் ஒரு மயிரிழை. அதைக் கண்டுபிடிக்க நாற்பது ஐம்பது தடவை கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடி என்றால் எந்த மனுஷனும் நாலாவதில் ‘இதுவே போதும்’ என்று சொல்லிவிடுவான். கம்ப்யூட்டரில் வேகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இனிமேல் இந்தப் படத்தைத்தான் காட்டப் போகிறேன்.

“ஏன் பாய், தம்பி ரிச்சி தெருவுல செகண்ட் ஹாண்ட் கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டானே?”

“அது போட்டு ரெண்டு மாசம் ஆச்சு சார். நல்லாத்தான் ஓடுது. ஸ்க்ரீன் தெரியுதே!”

சாயங்காலம் பையன் வந்தான். அண்ணனும் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். பையன் தலையைச் சொறிந்துகொண்டு, “கார்டு இருக்கு அங்கிள். டிரைவர்தான் இன்னும் சரியா போடலை” என்றான்.

“டிரைவர்தானே? ஆம்பூர்லருந்து ஆள் அனுப்பறேன்” என்றார் அண்ணன்.

பையன் பொறுமையாக விளக்கினான். கம்ப்யூட்டரின் மெயின் சிப்பில் நாலைந்து மூளைகள், ஒவ்வொன்றும் மகா கெட்டி. எந்த வேலை கொடுத்தாலும் செய்யும். கிராபிக்ஸ் கார்டில் (இவர்களுடையது 2016 மாடல், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ) 768 குட்டி மூளைகள். தனித்தனியாக அவ்வளவு சாமர்த்தியம் இல்லை, ஆனால் ஒரே வேலையை எல்லாம் சேர்ந்தாற்போலச் செய்யும். இந்தப் படத்தில் இரண்டரைக் கோடி புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்தில் அதே ஜாடை உள்ள துண்டுகளைத் தேடி, ஒப்பிட்டு, சராசரி எடுக்க வேண்டும். இரண்டரைக் கோடி தடவை ஒரே வேலை.

அண்ணன் சட்டென்று பிடித்துக்கொண்டார். “அட, அது கட்டிங் மாஸ்டர், இது ஸ்டிச்சிங் செக்‌ஷன்! நாலு மாஸ்டரை வெச்சு அப்பர் தைக்கச் சொன்னா ஷிப்மென்ட் எப்ப போறது? 768 பொண்ணுங்க வரிசையா உட்கார்ந்திருக்காங்க, ஆர்டர் சொல்ல சூப்பர்வைசர் இல்லை. அதானே உன் டிரைவர்?”

இதைவிட நன்றாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

சூப்பர்வைசர் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. லினக்ஸோடு தானாக வருகிறவர் ஒருவர் உண்டு. நூவோ என்று பெயர். பிரெஞ்சில் ‘புதிய’ என்று பொருள். கம்பெனி விவரம் தராததால், தன்னார்வலர்கள் கார்டு நடந்துகொள்வதைப் பார்த்துப் பார்த்து எழுதினது. காம்பவுண்டு சுவருக்கு வெளியே நின்று தொழில் கற்றுக்கொண்டவர் என்று வையுங்கள். இந்தத் தலைமுறை கார்டில் அவரால் ஸ்க்ரீனைக் காட்ட முடியும், முழு வேகத்தில் ஓடவைக்க முடியாது. பாய் இரண்டு மாசமாகப் பார்த்து சந்தோஷப்பட்டது அதைத்தான். இந்தச் சண்டை பிரசித்தம். 2012-ல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ், இதே கம்பெனியைப் பற்றிக் கேட்டபோது மேடையிலேயே நடுவிரலைக் காட்டினார். குழாயடி பாஷை ஃபின்லாந்திலும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்து வருஷம் கழித்து 2022 மே மாதம் கம்பெனி தன் டிரைவரில் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது.

எங்கள் முதல் கோட்டை விட்டதும் அங்கேதான். பட்டியலில் இரண்டு டிரைவர் இருந்தது. ஒன்று சும்மா 580. இன்னொன்று 580, பக்கத்தில் ‘ஓப்பன்’ என்ற வால். பையன் கொள்கைக்காரன், ஓப்பன் என்று பார்த்ததும் தட்டிவிட்டான். ரீ-ஸ்டார்ட் ஆகி வந்தபோது ஸ்க்ரீன் முழுக்க அமாவாசை. இருந்த நூவோவையும் ஒதுக்கி வைத்துவிட்டு, புதியவரும் வேலைக்கு வரவில்லை. அந்தத் திறந்த டிரைவர் 2018-ல் வந்த தலைமுறைக்கும் அதற்குப் பிறகு வந்ததற்கும்தான். எங்கள் கார்டு அதற்கு மூத்தது. படித்துப் பார்க்காதது எங்கள் தப்பு.

பாய் முகம் வெளுத்துவிட்டது. “தம்பி, உள்ள நாலு கல்யாணம் இருக்குடா!”

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்கினான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. படமெல்லாம் பத்திரம், பார்க்கும் கண்ணாடிதான் உடைந்திருந்தது. ஓப்பனைக் கழற்றி எறிந்துவிட்டு வால் இல்லாத 580-ஐப் போட்டான். இந்த வயசுக் கார்டுகளுக்கு அதுதான் கடைசி வரிசையாம். அதற்கு அப்புறம் வந்தவற்றில் இவற்றுக்கு இடமில்லை.

மறுபடி ரீ-ஸ்டார்ட். இப்போது ஒரு நீலத் திரை, இங்கிலீஷில் என்னவோ கேட்டது. யாரும் சொல்லும் முன்னால் பாய் பழக்க தோஷத்தில் என்டரைத் தட்டிவிட்டார். கம்ப்யூட்டர் வந்தது, டிரைவர் வரவில்லை.

“அது செக்யூர் பூட்! வெளியாளை உள்ள விட யார் ஜாமீன்னு கேட்டது. இன்ஸ்டால் பண்றப்ப வெச்ச பாஸ்வேர்டைப் போட்டு ‘என்ரோல்’ குடுக்கணும். நீங்க ‘கன்டின்யூ’ குடுத்துட்டீங்க” என்று பையன் கத்தினான்.

“எனக்கு இன்னாடா தெரியும், நீலமா இருந்துச்சு, தட்டினேன்.”

மூன்றாவது தடவை பாயின் இரண்டு கையையும் அண்ணன் பிடித்துக்கொண்டார். பையன் ஜாமீன் கொடுத்தான். உள்ளே போய் கார்டின் பேரும் சூடும் தெரிகிற ஒரு கட்டளையைத் தட்டினான். பேர் சரியாக வந்தது. 51 டிகிரி. “வெளியிலயும் ஏறக்குறைய அதான்” என்றார் பாய். டார்க்டேபிள் செட்டிங்கில் அதுவரை மங்கிக் கிடந்த ‘ஓப்பன்சிஎல்’ கட்டம் பளிச்சென்று இருந்தது. டிக் அடித்தான். கார்டின் பாஷையில் வேலையை மொழிபெயர்த்துக்கொள்ள முதல் தடவை கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். பயந்து ஆஃப் பண்ணிவிடக் கூடாது. எல்லா மென்பொருளும் இப்படிக் கார்டைக் கசக்கிப் பிழியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிம்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு கார்டு வாங்க ரிச்சி தெருவுக்கு ஓடாதீர்கள்.

பாய் ஸ்லைடரை இழுத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் படம் மாறியது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பாய் இழுத்தார், குறைத்தார், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி இழுத்தார். டெவலப்பர் தட்டில் பேப்பரை ஆட்டுகிற அதே கை. கன்னத்துச் சுருக்கம் வந்தது. மூக்குத்தி வந்தது. முப்பதாவது தடவையோ என்னவோ, வியர்வை துடைப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இடது கை தெளிவாக வந்தது. பெரியம்மா வியர்வை துடைக்கவில்லை. விரலை நீட்டி, நேராகக் காமெராவைப் பார்த்து, ‘போடா அந்தப் பக்கம்’ என்று போட்டோ எடுத்தவனை விரட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கீழே யாரோ மூட்டை இறக்குகிற சத்தம். பாய் பையனை டீ வாங்க அனுப்பினார். அவனும் மெதுவாகவே போனான்.

“கையை மட்டும் வெட்டிடலாம் சார், மூஞ்சி தனியா நல்லா நிக்கும்” என்றார் பாய், என்னிடம், ரகசியமாக.

அண்ணன் திரும்பாமலே சொன்னார்: “கை இருக்கட்டும் பாய்.”

பதினாறாம் நாள் அந்தக் கையோடுதான் வைத்தோம். மாலை விரலை மறைத்தபோதெல்லாம் அண்ணன் எழுந்துபோய் ஒதுக்கிவிட்டு வந்தார். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் படத்துக்கு முன்னால் போகவே பயந்தார்கள். என் மனைவி மட்டும், “வேண்டாம்னு சொல்றவங்களை வெச்சே மாட்டியாச்சு” என்றாள். அது என்னைச் சொன்னதா, பாயைச் சொன்னதா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பில் கொடுக்கப் போனேன். பிரின்ட்டுக்கும் ஃபிரேமுக்கும் மட்டும்தான் வாங்கினார். மிச்சம் கிடந்த கல்யாணப் படங்கள் ஸ்க்ரீனில் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் கைக்கடிகாரம் பதினோரு கோணத்திலும் ரொம்பத் தெளிவாக இருந்தது.